மோர்ச் சோதனை

“யார் கழுத்துல நெசப் பட்டி, யார் கழுத்துல பொம்மைப் பட்டி, அந்த லிஸ்ட்டை எனக்குக் காட்டுங்க சார்.”

முப்பிடாதி இப்படிக் கேட்டபோது ரொசாரியோ சாரின் வாயில் பாதி உளுந்தவடை இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதலில் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகுதான் மென்றார்.

கேட்கவே கூடாத கேள்வி அது. பயிற்சியின் முதல் நாள் சிவப்பு எழுத்தில் திரையில் காட்டினார்கள். இரண்டாம் நாள் தேர்வில் வந்தது. மூன்றாம் நாள் கையெழுத்தே வாங்கிவிட்டார்கள். கேட்கக் கூடாது, ஊகிக்கக் கூடாது, ஊகித்துவிட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது. முதல் இரண்டையும் முப்பிடாதி பதினான்கு மாதம் பல்லைக் கடித்துக் காப்பாற்றினாள். மூன்றாவது, பிறந்ததிலிருந்தே அவளுக்கு வராத காரியம்.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. பொருளாதாரத்தில் எம்.ஏ. சுற்றி வளைக்கத் தெரியாத வாய் அவளுக்குக் கல்லூரி கொடுத்ததல்ல, அது பிறவியிலேயே இருந்தது. கல்லூரி அதற்குப் புள்ளிவிவரம் சேர்த்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி உப்பளங்களில் மாசி மாதமே வெயில் நாற்பத்தைந்தைத் தொட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. உப்பு வாருகிற பெண்களுக்கு நாற்பது வயதிலேயே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க விஞ்ஞானம் வந்தது. ஆறு ஆசிய நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கின. குளிர்ப்பட்டி என்று ஒன்று. கழுத்தில் மாட்டினால், அங்கே ஓடும் ரத்தத்திலிருந்து சூட்டை உறிஞ்சிப் பிடரிப் பக்கத்துச் செதில்கள் வழியாக வெளியே தள்ளும். எட்டு உப்பளங்களில் நானூறு பெண்களுக்குக் கொடுத்தார்கள். அதில் இருநூறு நிஜம். இருநூறு பொம்மை: அதே எடை, அதே பச்சை விளக்கு, அதே முணுமுணுப்பு, மாட்டியதும் ஐந்து நிமிஷம் ஜில்லென்றும் இருக்கும். அப்புறம் அது வெறும் நகை. யாருக்கு எது என்று குலுக்கலில் ஒரு கணினி முடிவு செய்தது. நிஜம் போட்டவர்கள் பொம்மை போட்டவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், கையுறை, பூட்ஸ் மாதிரிப் பட்டியும் முதலாளி கொடுத்தே ஆகவேண்டும் என்று ஆறு நாட்டிலும் சட்டம் வரும். லட்சக்கணக்கான கழுத்துகள் குளிரும்.

“ஏம்மா, அந்த லிஸ்ட் எங்கிட்டயே கிடையாது. மணிலாவுல ஒரு மெஷினுக்குள்ள பூட்டி வச்சிருக்கு,” என்றார் ரொசாரியோ சார். ஆய்வின் உள்ளூர்ப் பொறுப்பாளர் அவர். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். இரண்டும் அவருக்குள் ஒரே வாடகைக்குக் குடியிருந்தன.

“எங்க அக்காவுக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது சார்.”

அவருக்கும் தெரியும். போன வார ரத்தப் பரிசோதனையில் அக்கா வடிவின் கிரியாட்டினின் அது; சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற எண். உப்பளத்துப் பக்கம் அதை ‘ரத்தத்துல உப்பு கூடிப்போச்சு’ என்பார்கள். இப்படியே ஏறினால் ஆடிக்குள் மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் செய்யவேண்டிய நிலைமை வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரொசாரியோ சார் பொறுமையாக விளக்கினார். பொம்மை யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முப்பிடாதி அவளிடம் பாவமாகக் கேள்வி கேட்பாள். பாவமாகக் கேட்டால் பதிலும் பாவமாக வரும். ஆய்வு கெட்டுப்போகும்.

“நான் யார்ட்டயும் பாவமாக் கேட்டதில்ல சார்.”

அது உண்மைதான். அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். லிஸ்ட் கிடையாது, ஆனால் இடைக்கால முடிவு வந்திருந்தது. இரண்டு கோடுகள். ஒன்று நிஜம், ஒன்று பொம்மை. பதினான்கு மாதமும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் அழுதுவிடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. வித்தியாசம் ஒரு துளி இல்லை. இன்னும் பத்து நாளில் குழு கூடும். பட்டியால் பயனில்லை என்று எழுதிக் கடையைக் கட்டிவிடுவார்கள்.

முப்பிடாதி நம்பவில்லை. பயிற்சியில் நிஜப் பட்டி ஒன்றை அவள் கழுத்தில் மாட்டிக் காட்டியிருந்தார்கள். பத்தே நிமிஷத்தில் மண்டைக்குள் மார்கழி வந்தது. வேலை செய்கிற பொருள் உப்பளத்தில் மட்டும் எப்படி வேலை செய்யாமல் போகும்? ஒருவேளை கழற்றி வைத்துவிடுகிறார்களோ என்றால், அதுவும் இல்லை. தினம் எட்டு மணி நேரம் ஏதோ ஒரு கழுத்தில் இருந்ததாக ஒவ்வொரு பட்டியும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“நாளைக்குப் போய்ப் பாரு,” என்றார் ரொசாரியோ சார், சத்தத்தைக் குறைத்து. “சர்வே எடுக்கிறவளாப் போகாத. தங்கச்சியாப் போ.”

வழக்கமாக அவள் மதியம் இரண்டு மணிக்குத்தான் உப்பளத்துக்குப் போவாள். கடந்த ஏழு நாட்களில் சோர்வாக உணர்ந்தீர்களா, எப்போதாவது, சில நேரம், பெரும்பாலும், எப்போதும் என்று கைக்கணினியான டேப்பைப் பார்த்து வாசிப்பாள். நல்லாத்தான் இருக்கோம் என்பார்கள். அதற்கு அந்த நான்கில் இடமே இல்லை. மறுநாள் அவள் விடிவதற்குள் அக்கா வேலை செய்யும் உப்பளத்தில் போய் இறங்கினாள். பாத்திகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. யாரும் பாத்தியில் இல்லை. அந்த உப்பளத்து நாற்பது பேரும் கொட்டகைக்குள் இருந்தார்கள்.

நடுவில் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளம். அதில் நாற்பது பட்டிகள். அக்கா வடிவு சுவரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருத்தியாக வந்து ஒரு பட்டியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சுவர் முழுக்கக் கரிக்கோடு. இடது ஓரத்தில் பெயர்கள், அப்புறம் நாள் நாளாகப் பொட்டும் சுழியும், தரையிலிருந்து கூரை வரை.

முப்பிடாதியைப் பார்த்ததும் வடிவின் பக்கத்தில் நின்ற ஞானசெல்வம் தன் துண்டை எடுத்துத் தாம்பாளத்தின்மேல் போட்டாள். துண்டுக்கு அடியில் மிச்சப் பட்டிகள் தேன்கூடு மாதிரி முணுமுணுத்தன.

“ஏட்டி, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா,” என்றாள் வடிவு. “மூடி வச்சிருப்பம்லா.”

கதை வெளியே வந்தது. ஆய்வு தொடங்கிய ஆறாவது நாள், முகம் கழுவப் போன ஞானசெல்வம் தன் பட்டியைக் கழற்றி, வைக்க இடமில்லாமல், மோர்த் தூக்குச்சட்டியின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வேலைப் பரபரப்பில் மறந்தும் போனாள். மதியம் குடித்தால் மோர் பல் கூசும்படி ஜில்லென்று இருந்தது. பொறாமையில் வடிவும் தன் பட்டியைத் தன் தூக்குச்சட்டிக்கு மாட்டிப் பார்த்தாள். அவள் மோர் ரசம்போலச் சுட்டது. மறுநாள் நாற்பது தூக்குச்சட்டிக்கும் நாற்பது பட்டி. இருபத்தொன்று குளிர்ந்தது, பத்தொன்பது குளிரவில்லை. பதினைந்து நாளில் லோடு ஆட்டோவில் போகிற வருகிற பேச்சோடு பேச்சாக எட்டு உப்பளத்துக்கும் இந்தச் சங்கதி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு நாட்டு அறிஞர்கள் கட்டிக்காத்த ரகசியம், மோருக்கு முன்னால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை.

“மணிலாவுல மெஷின்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காவ,” என்றாள் முப்பிடாதி.

“அங்க மோர் கிடையாதோ என்னமோ,” என்றாள் ஞானசெல்வம்.

கண்டுபிடித்த பிறகு செய்ததுதான் பெரிய காரியம். எந்த உப்பளத்திலும் நிஜம் கிடைத்தவர்கள் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. முறை வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முதலில். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்பவளுக்கு அடுத்து. தலைச்சுமை தூக்குகிறவள், வீட்டுக்குத் தூரமானவள், முந்தின நாள் மயங்கி விழுந்தவள் எல்லாருக்கும் நிஜம். மற்றவர்களுக்கு மாற்றி மாற்றி. பந்தியில் பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவதுபோல, முறை போடுகிற வடிவுக்கு வாரத்தில் ஒரே நாள், வியாழக்கிழமை. போன வாரத்திலிருந்துதான், மற்றவர்கள் சண்டை பிடித்து, மூன்று நாளாக ஆக்கியிருந்தார்கள்.

முப்பிடாதிக்கு வந்த கோபத்தில் நடுக்கொட்டகையில் நின்று கத்தினாள். குலுக்கலில் விழுந்ததை ஏன் மாற்றினீர்கள், உங்களால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டது, பட்டியே உதவாது என்று எழுதப் போகிறார்கள், செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் எத்தனை லட்சம் பேர் இதை நம்பி இருக்கிறார்கள் தெரியுமா என்று. கேட்டவர்கள் தலைகுனிந்தார்கள். வடிவு மட்டும் குனியவில்லை.

“பக்கத்துப் பாத்தில ஒருத்தி வெந்துக்கிட்டு நிக்கா. நான் ஜில்லுன்னு நிக்கேன். பொழுதுக்கும் அவ மூஞ்சியை எப்படிட்டி பாக்க?” என்றாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக, “அப்ப நாங்க செஞ்சது தப்பா?” என்று கேட்டாள்.

முப்பிடாதி சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ரொசாரியோ சார் முதலில் அரை மணி நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வேறு வெளிச்சம் வந்திருந்தது. நிஜத்துக்குப் பொட்டு, பொம்மைக்குச் சுழி: எந்த நாளில் யார் கழுத்தில் எது இருந்தது என்று பதினான்கு மாதமும் ஒருத்தி சுவரில் எழுதி வைத்திருக்கிறாள். இதைவிட நல்ல தரவு உலகத்தில் ஏது? நிறைய நாள் குளிர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் உப்புக் குறைவாக இருந்தால் போதும், ஆய்வு பிழைத்துவிடும். இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து, பொட்டையும் சுழியையும் எண்ணிக் கணினிக்குள் ஏற்றினார்கள்.

கணினி பதில் சொன்னது: அதிக நாள் குளிர்ப்பட்டி அணிந்தவர்களின் சிறுநீரகமே அதிகம் கெட்டிருக்கிறது. பட்டி உடம்புக்குக் கெடுதல்.

அவர்கள் இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. நோயாளிக்குத்தானே முதல் முறை. ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், ஆகவே ஆஸ்பத்திரிதான் கொல்கிறது என்பது போன்ற கதை. அந்த நாற்பது பேரில் ஒருத்திக்காவது கொஞ்சம் சுயநலம் இருந்திருந்தால் கணக்கு தப்பித்திருக்கும்.

குழுவிடம் மறைக்க முடியாது என்று ரொசாரியோ சார் சொல்லிவிட்டார். மறைக்கச் சொல்லி முப்பிடாதியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை திரையில் டாக்டர் சான்டோஸ் வந்தார். மணிலாவில் இருக்கிற குழுத்தலைவி, அறுபது வயது, அன்பான முகம். அவர் பேசியதை ஒரு மொழிபெயர்ப்புக் கருவி பட்டிமன்ற நடுவரின் குரலில் செந்தமிழில் சொன்னது.

“தங்கள் நேர்மைக்கு நன்றி பாராட்டுகிறேன். இது எங்களுக்குப் புதிதன்று. ஐந்து நாடுகளில் கோடுகள் ஒட்டியே கிடக்கின்றன. ஆறாவது நாட்டில் மட்டுமே விலகியுள்ளன. அங்கு தொழிலாளர்கள் தனித்தனிக் கண்ணாடி அறைகளில் பணியாற்றுகிறார்கள். ஒருவரோடொருவர் பேச அனுமதியில்லை.”

அந்த ஒரு நாட்டின் சான்று போதாது, இரண்டாவதாக ஓர் இடம் வேண்டும் என்றார் அவர். அதற்கு வழியும் வைத்திருந்தார். நாடிப் பூட்டு. ஒவ்வொரு பட்டியும் தன் சொந்தக்காரியின் நாடித்துடிப்பைக் கற்றுக்கொள்ளும். வேறு கழுத்தில் மாட்டினால் அணைந்துவிடும். மோர்ச்சட்டியில் மாட்டினாலும் அப்படியே. சித்திரை, வைகாசி, ஆனி, மூன்றே மாதம். பெண்களிடம் புதிதாகச் சம்மதக் கையெழுத்து வாங்கவேண்டும். அவர்கள் நம்புகிற ஒரே ஆள் முப்பிடாதி என்பதால் அந்த வேலை அவளுக்கு. முடிந்ததும் அவளுக்கு மணிலாவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம் காத்திருக்கும்.

“மூணு மாசத்துல பொம்மை போட்டவங்களுக்கு என்ன ஆகும்?” என்று முப்பிடாதி கேட்டாள்.

“வித்தியாசம் புலப்படும்.”

“வித்தியாசம்னா?”

கருவி கொஞ்சம் யோசித்தது. “அவர்களின் சிறுநீரகங்கள் கூடுதலாகப் பழுதடையும் என எதிர்பார்க்கிறோம். அதுவே நமது சான்று.”

ரொசாரியோ சார் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அதனால் பயன் இல்லை.

“ஒப்பிட்டுப் பாக்க வெந்துபோன ஆளுதான வேணும் டாக்டர்? உங்க குழுவுல பன்னெண்டு பேரு இருக்கீங்க. மூணு மாசம் இங்க வந்து, தண்ணி குடிக்காம, தினம் எட்டு மணி நேரம் உப்பு வாருங்க. பொம்மைப் பட்டி நான் தாரேன். ரத்தமும் நானே வந்து எடுக்கேன்.”

டாக்டர் சான்டோஸ் காதில் கைவைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. மிக்க மகிழ்ச்சி, வாய்ப்புக் கிடைக்கும்போது அவசியம் வருகிறோம் என்றார். முப்பிடாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரொசாரியோ சார் திரையின் ஓரத்தில் ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். எங்கள் உப்பளத்துக்குக் குடும்பத்தோடு வந்து தங்கும்படி அழைக்கிறோம் என்று கருவி மொழிபெயர்த்திருந்தது. விருந்தினர் மனம் புண்படாமல் பேச அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

திரை அணைந்ததும் ரொசாரியோ சார் டேப்பை அவள் பக்கம் தள்ளினார். நாடிப் பூட்டு அதில் வந்து இறங்கிவிட்டிருந்தது. நூறு மீட்டருக்குள் போய்க் கட்டளை கொடுத்தால் போதும், ஒவ்வொன்றாகத் தொடவேண்டியதில்லை.

“பொம்மைக்கு எதுக்கு சார் பூட்டு? அதுல பூட்ட என்ன இருக்கு?”

அவர் தயங்கினார். சொல்லக் கூடாதது எதையும் சொல்லாமல் இருக்கத் தெரிந்த மனுஷர்தான். ஆனால் அந்த வாரம் அவரும் களைத்திருந்தார். பொம்மை என்று தனியாக எதுவும் செய்யவில்லை என்றார். இரண்டு அச்சு போட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். இருநூறில் மட்டும் குளிர்ச்சியை உள்ளுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆய்வு முடிகிற நாளில் அதையும் திறந்து எல்லாருக்கும் கொடுத்தாகவேண்டும் என்பது விதி. அந்தக் கட்டளையும் டேப்பிலேயே, பூட்டுக்குக் கீழே, இருக்கிறது. ‘ஆய்வு முடிந்தது’ என்று ஒரு பொத்தான். குழு சொல்லாமல் தொடக் கூடாது.

முப்பிடாதி டேப்பைக் கையில் எடுத்து, பூட்டையும் அதற்குக் கீழிருந்த பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். அதைக் கண்டு ரொசாரியோ சாருக்குப் பயம் அதிகமானது.

“லட்சம் பேரும்மா,” என்றார். “அந்த ஆறாவது நாட்டுக் கண்ணாடி ரூமை மட்டும் வச்சு யாரும் சட்டம் போட மாட்டான். அதையும் நினைச்சுப் பாரு.”

நினைக்காமல் இல்லை. லட்சம் பெரிது, இருநூறு சிறிது. இதைக் கழித்துப் பார்க்க எம்.ஏ. தேவையில்லை. ஆனால் அந்த இருநூறில் ஒரு கழுத்தை அவளுக்குத் தெரியும். வியர்வை காய்ந்து எந்த மடிப்பில் வெள்ளை படியும் என்றுகூடத் தெரியும். லட்சத்தின் கழுத்தை அவளுக்குத் தெரியாது. இது மோசமான வாதம் என்பதும் தெரியும். தேர்வில் எழுதினால் பூஜ்யம் போடுவார்கள். போடட்டும்.

“சரி, நீ முடிவு பண்ணாத. அவங்ககிட்டயே கேளு,” என்றார் அவர். “நியாயமான வழி அதான. லட்சம் பேருக்காக மூணு மாசம் பொறுத்துக்குவீங்களான்னு கேளு. வேண்டாம்னா விட்டுருவோம்.”

“கேட்டா சரின்னுருவாங்க சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க அக்காதான் முதல்ல கைநாட்டு வைப்பா. எவளோ ஒருத்தி சூளையில வேகுதான்னு சொன்னா போதும், இவ கழுத்தை நீட்டிருவா. அங்க ஒருத்திகூட மாட்டேன்னு சொல்ல மாட்டா. அதான் சார் பயமா இருக்கு.”

ரொசாரியோ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அதில் துடைக்க ஒன்றும் இல்லை. மணிலாவிலிருந்து மாலை நான்கு மணிக்குக் கூப்பிடுவார்கள், அப்போது தன் போனில் சார்ஜ் இருக்காது என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். எட்டு உப்பளத்துக்கும் போய்வர ஆபீஸ் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சாவியை நகர்த்தி வைத்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

முப்பிடாதி சாவியை எடுத்துக்கொண்டாள். டேப்பில் பூட்டைத் தள்ளிவிட்டு, அதற்குக் கீழே இருந்த பொத்தானைத் திரைக்குக் கொண்டுவந்தாள். சம்மதக் கையெழுத்துத் தாள் நானூறும் கட்டாக மேஜைமேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

“பேப்பரை விட்டுட்டுப் போற,” என்றார் அவர்.

“கேக்கப் போறதில்ல சார்,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.